கரிக்காட்டு அண்ணை

கரிக்காட்டு அண்ணையை நான் முதன்முதலாகக் கண்ட அன்று அவர் என் கணவரின் கன்னத்தில் அறைந்தார், என் மகளைத் தலைமுடியில் பிடித்து இழுத்தார், என்னை மணலில் தள்ளிவிட்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்தது. அதன்பிறகு ஏழு வருடம் அவரை என் சொந்த அண்ணனாகவே நினைத்திருந்தேன்.

அது மே மாதத்து ஞாயிறு. டென்மார்க்கின் ஹெர்னிங்கில் தமிழ்ப் பூசை முடிந்ததும் சில்க்போர்க்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு நேரே திரும்பாமல், சோற்றுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு கரிக்காட்டுக்குப் போனோம். அந்தப் பெயர் எங்கள் ஆட்கள் வைத்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வெளிநாட்டுக் கரி வருவது நின்றுபோக, டேனிஷ்காரர்கள் தங்கள் மண்ணையே தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்த இடம் அது. யுத்தம் முடிந்த பிறகும் கன காலம் தோண்டினார்கள். பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அள்ளிக் கொட்டிய மண் இன்று குன்று குன்றாய் நிற்கிறது. தோண்டிய குழிகள் எல்லாம் ஏரி. கரையில் தண்ணீர் துரு நிறமாயிருக்கும், நடுவில் கண்ணாடிபோலப் பச்சை. ஒரு மீன்கூட அதில் கிடையாது. பைன் மரங்களுக்கிடையே தண்டவாளத் துண்டுகளும் கவிழ்ந்த இரும்பு வண்டிகளும் கிடக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு கம்பிக்கு அப்பால் மட்டும் போகக்கூடாது. கம்பி நெடுக, உயிருக்கு ஆபத்து என்று மஞ்சள் பலகை தொங்கும்.

எங்கள் ஒன்பது வயது மகள் டிலானி அந்தக் கம்பிக்குக் கீழால் நுழைந்துவிட்டாள். கரையில் வெள்ளை மணல் மன்னார்க் கடற்கரைபோலக் கிடந்தது. இவர் படமெடுக்கப் பின்னால் போனார். நானும் போனேன். எங்கிருந்தோ "வெக்!" என்று ஒரு சத்தம் கேட்டது. டேனிஷில் விலகு என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் எங்கள் மேல் வந்து விழுந்தார். பிள்ளையை முடியில் பிடித்துக் கம்பிக்கு வெளியே எறிந்தார். "என்ன செய்கிறாய்?" என்று டேனிஷில் கேட்ட இவருடைய கன்னத்தில் ஒரு அறை. மூக்குக்கண்ணாடி பறந்து கல்லில் பட்டு உடைந்தது. என்னை மணலில் தள்ளினார். நான் ஐயோ என்று கத்தினேன். தள்ளிய கை அப்போதுதான் நின்றது.

"தமிழோ?" என்றார் மூச்சு வாங்க.

நான் அழுதுகொண்டு தலையாட்டினேன்.

"தமிழெண்டு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு குடுத்திருப்பன்."

பிறகு எங்களைக் கம்பிக்கு வெளியே வரிசையாக உட்காரவைத்துவிட்டு, தலையளவு கல்லொன்றைத் தூக்கி டிலானி நின்ற இடத்தில் எறிந்தார். "இப்ப பாருங்கோ" என்றார். கல் மணலில் விழுந்து அப்படியே கிடந்தது. இன்னொன்று எறிந்தார். அதுவும் கிடந்தது. கொஞ்ச நேரம் அந்த இரண்டு கற்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு இல்லை" என்றார்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் ஆட்கள் குறைவு, விசாரித்தால் வீடு கிடைத்துவிடும். கையில் ஒரு பை நிறையப் பச்சை மிளகாய். இவர்தான் கதவைத் திறந்தார்.

"மன்னிப்புக் கேக்க வரேல்லை" என்றார் அண்ணை. "பிள்ளை நித்திரை கொள்ளுதோ எண்டு கேட்டுட்டுப் போக வந்தனான்."

இவர் உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். "விசரன்" என்று மட்டும் சொன்னார். ஏழு வருடமும் அண்ணையைப் பற்றி அந்த ஒரு சொல்லுக்கு மேல் இவர் சொன்னதில்லை. நான்தான் அண்ணைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நான் வளர்ந்த வீட்டில் அப்பாவிடம் இடுப்புப் பட்டியால் அடி வாங்கிய பிள்ளைக்கு அன்று இரவு மீனின் நடுத்துண்டு கிடைக்கும். அக்கறை உள்ளவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன ஒன்று.

அண்ணை வனத்துறையில் கூலியாளாக இருந்தார். கம்பியைப் பார்த்துக்கொள்வதும் விழுந்த மரத்தை வெட்டுவதும் வேலை. முன்பு கரித் தொழிலாளர்கள் பலகையால் அடித்த ஒரு சின்ன வீட்டில், காட்டு ஓரத்தில் தனியாக இருந்தார். வேலிக்குத் தண்டவாளத் துண்டுகளை நட்டிருந்தார். கரி ஏற்றிய இரும்பு வண்டி ஒன்றில் மண் நிரப்பி, அதற்குமேல் கண்ணாடி போட்டு மிளகாய் வளர்த்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் சோறும் கறியும் கொண்டு போவேன். டிலானியும் வருவாள். சிலவேளை தான் கண்டெடுத்த சாமான்களை எடுத்துக் காட்டுவார். மரக்கட்டையால் செய்த ஒரு செருப்பு, கைப்பிடி உடைந்த மண்வாரி, பல் தேய்ந்த ஒரு சீப்பு. மண் சரிந்து செத்தவர்களுடையதாக இருக்கும் என்பார். வெட்டியதை அளந்து அளந்து அதற்குத் தக்க கூலி கொடுத்தபடியால் அவர்கள் ஆபத்தான இடத்திலும் நின்று வெட்டினார்களாம். வெட்டிவிட்டுக் குடித்தார்களாம், குடித்துவிட்டு ஒருவனையொருவன் மண்வாரியால் பிளந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோசம் தெரியும்.

"கரி எடுக்கேக்க தண்ணியை இறைச்சுக்கொண்டே இருந்தவங்கள்" என்று ஒருநாள் விளங்கப்படுத்தினார். "வேலை முடிய இறைக்கிறதையும் நிப்பாட்டிட்டாங்கள். தண்ணி திரும்பி வந்திட்டுது. இப்ப மேலை மண், கீழை தண்ணி. ஆள் மிதிச்சால் ரெண்டும் ஒண்டாகும். சொல்லி முடிக்கிறதுக்குள்ளை உன்னை முடிச்சிடும்."

எதையும் ஒருதரம்தான் சொல்லுவார். இரண்டாவது தரம் கைதான் பேசும். அதற்கு அவரிடம் ஒரு கதையும் இருந்தது.

அகதியாக வந்த புதிதில் அவரும் ஒரு சினேகிதனும் இந்த ஏரியில் மீன் பிடிக்கலாம் என்று வந்திருக்கிறார்கள். மீன் இல்லாத தண்ணீர் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கவும் தெரியாது. சினேகிதன் தண்ணீர் ஓரம் வரை போய்விட்டான்.

"மச்சான் போதும், வாடா எண்டு கூப்பிட்டன். சிரிச்சான். திரும்பவும் கூப்பிட்டன். மூண்டாம் தரமும் கூப்பிட்டன். அந்த மூண்டாவதுக்கு அவன் திரும்பினவன், தங்கச்சி. திரும்பின காலடியிலை கரை உடைஞ்சுது. ஒரு சத்தமும் இல்லை. மா சலிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முதல் தரமே ஓடிப்போய் முகத்திலை ஒண்டு குடுத்து இழுத்திருந்தா அவன் இண்டைக்குப் பேரப்பிள்ளை கண்டிருப்பான்."

இதைச் சொல்லிவிட்டு நான் கொண்டுபோன இறால் கறியை வழித்துத் தின்றார். நான் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனைவி எங்கே என்று ஒருநாள் கேட்டேன். "கோல்டிங்கிலை. அவவுக்கு இந்தக் காடு ஒத்துவரேல்லை" என்றார். மேலே நான் கேட்கவில்லை.

மணல் மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வரும் டேனிஷ் இளைஞர்களுக்கும் அவருக்கும் எப்போதும் சண்டை. ஒருமுறை என் கண் முன்னாலேயே நடந்தது. மேட்டிலிருந்து இறங்கி வந்த மோட்டார் சைக்கிளுக்கு நேரே போய் நின்றார். மண்வாரியை ஓங்கி முன் விளக்கை அடித்து நொறுக்கினார். ஓட்டி வந்தவன் சறுக்கி விழுந்தான். எழுந்தவனை இடுப்புப் பட்டியில் பிடித்து, பாதையில் நிறுத்தியிருந்த அவனுடைய கார் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. அண்ணை தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தார். "பிடி" என்று தமிழில் சொன்னார். அவன் வாங்கிப் பிடித்துக்கொண்டான். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்ததாகப் பிறகு சொன்னார். "எழுதித் தந்தவர். நான் வாசிக்கேல்லை."

சோறு கொண்டுபோன ஒரு ஞாயிறு இன்னும் நினைவில் நிற்கிறது. அவருடைய குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். டிலானிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுப்பில் இருந்த தாச்சியின் பிடியைத் தொடக் கையை நீட்டினாள். அண்ணை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டி, இரும்பு அகப்பையால் அவள் விரல்களில் அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"சுடு எண்ணெய்" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்தேன். இன்னும் மூட்டவில்லை. தாச்சி குளிர்ந்துபோய்க் கிடந்தது. அண்ணையும் பார்த்தார். "இருந்திருந்தால்?" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். டிலானி அழவில்லை. வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவரை அவள் பார்க்கவேயில்லை. அதன்பிறகு கரிக்காட்டுக்கு அவள் வரவில்லை. படிக்க இருக்கிறது என்பாள். நானும் அதை நம்பிக்கொண்டேன்.

அண்ணை ஒருவருடைய காலை உடைத்தது பனி கரைகிற ஒரு மார்ச் மாதத்தில். தண்ணீர் ஏறி, மண் பொதுபொதுவென்று இருக்கிற காலம். நாயோடு நடக்க வந்த ஒரு டேனிஷ்காரர், ஐம்பது வயதிருக்கும். மானொன்றைக் கண்ட நாய் வாரை அறுத்துக்கொண்டு கம்பிக்கு உள்ளே பாய்ந்தது. முப்பது அடி போனதும் பின்னங்கால்கள் புதைந்துவிட்டன. அது குழந்தைபோலக் கத்தியதாம். அவர் கம்பியைத் தூக்கி நுழையப் பார்த்தார். மரம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணை அங்கே நின்று ஒருதரம் கத்தினார். அவர் கேட்கவில்லை. அண்ணை மண்வாரியோடு ஓடிவந்து, அதைத் திருப்பி, கனத்த பக்கத்தால் முழங்காலுக்குக் கீழே அடித்தார். ஆள் விழுந்தார். விழுந்தவர் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். அதே இடத்தில் இன்னொரு அடி. கால் இரண்டாக மடிந்தது.

அன்று கரை உண்மையிலேயே சரிந்தது. அவர் மடிந்த காலோடு கிடந்து பார்த்துக்கொண்டிருக்க, வீடளவு மணல் ஏரிக்குள் இறங்கியது. நாயின் சத்தம் பாதியில் நின்றது.

பொலிஸில் அண்ணை எதையும் மறைக்கவில்லை. "நாய் போயிட்டுது. அவர் இருக்கிறார்" என்றார். ஆனால் அரச தரப்பு, உயிர் காக்க அடித்தது என்ற கதையை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த மனிதர் எப்போதும் அடிக்கிறவர், காரணத்தைப் பிறகு தேடுகிறவர் என்றார்கள். விளக்கு நொறுங்கியதற்கும் மேலதிகாரியின் கண்டிப்புக்கும் கடதாசி இருந்தது. அண்ணையின் வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டார். அவர் அடித்துக் காப்பாற்றிய ஒரு குடும்பம் வேண்டும் என்றார். அன்றைக்கு உங்கள் மகள் நின்ற இடம் சரிந்ததா என்று கேட்டார். சரியாக நினைவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் டிலானி டேனிஷில் சொன்னாள். "ஒன்றும் சரியவில்லை அம்மா. இரண்டு கல் எறிந்தார். இரண்டும் கிடந்தன."

"சரிஞ்சிருக்கலாம் தானே. அவருக்கு ஆரும் இல்லையடி."

"எனக்கு மணல் நினைவில்லை" என்றாள். "முடி மட்டும்தான் நினைவிருக்கு." அதையும் டேனிஷில்தான் சொன்னாள். பதினாறு வயது. தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஹெர்னிங் நீதிமன்றத்தில் நான் பொய் சொன்னேன். நீதிபதி, உண்மையைச் சொல்லவேண்டியது உங்கள் கடமை என்று முதலிலேயே சொன்னார். ஓம் என்றேன். பிறகு, பிள்ளையை இழுத்தெடுத்த உடனேயே அவள் நின்ற இடம் ஏரிக்குள் போய்விட்டது என்றேன். சத்தம் எப்படி இருந்தது என்று வழக்கறிஞர் கேட்டார். மா சலிப்பதுபோல என்றேன். அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை அவர் காதில் சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இடைவேளையில் வெளியே வந்தேன். நடைவழியில் போட்டிருந்த வாங்கில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். உள்ளே கடைசி வரிசையில் இருந்தவர். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் அவரின்ரை மனிசி."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணைக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா. அவர் வெளியிலை வந்திடுவார்" என்றேன்.

"நீர் சொன்னதைக் கேட்டனான். உம்மடை பிள்ளைக்குப் பக்கத்திலை மண் சரிஞ்சதோ?"

நான் அவர் கையை விட்டுவிட்டேன்.

அக்கா கோட்டின் இடது கைப்பகுதியை மேலே தள்ளினார். முழங்கை பிசகிப் பொருந்தி, பாதி மடிந்தபடியே நின்றது. நீட்டிக் காட்டப் பார்த்தார், நீளவில்லை.

"இதைப் பாரும். இதுக்கு எந்த மண் சரிஞ்சது? குழம்புக்கு உப்புக் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"அந்தச் சினேகிதன்ரை கதை..." என்று தொடங்கினேன்.

"அந்தப் பெடியன் செத்தது இஞ்சை வந்தாப் பிறகு. கலியாணம் முடிச்சு நாலாம் நாள், மன்னாரிலை, எனக்கு முதல் அடி விழுந்தது. அப்ப இவர் ஏரியும் காணேல்லை, கரியும் காணேல்லை. அவனை நல்லாக் கூப்பிட்டதுதான் பிழையெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். கூப்பிட்டவர்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அந்தாள் வாழ்க்கையிலை ஒருத்தனை நல்ல விதமாக் கூப்பிட்டது அந்த ஒருக்காத்தான்."

குரல் உயரவில்லை. கோட்டுக் கையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டார்.

"நீங்கள் ஏனக்கா வந்தனீங்கள்? சாட்சி சொல்லவோ?"

"என்னை ஆரும் கேக்கேல்லை. நான் அப்ப பொலிசுக்குப் போகேல்லை. படியிலை விழுந்தனான் எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னன். அந்த டேனிஷ்காரர் தன்ரை வாயாலை, அடிச்சவர் எண்டு சொல்லுறதைக் கேக்க வேணும்போலை இருந்தது. கேட்டுட்டன்."

வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளிர்ந்த தாச்சி நினைவுக்கு வந்தது. என்னைப் பார்த்த டிலானியின் முகமும் வந்தது. என் பிள்ளையை அவர் அடித்த இரண்டு தடவையும் அவளுக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. இரண்டு தடவையும் நான் பக்கத்திலேயே நின்றேன்.

இடைவேளை முடிய, நான் சொன்னதில் ஒன்றைத் திருத்தவேண்டும் என்று காவலரிடம் சொன்னேன். என்னைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். மண் சரியவில்லை, இரண்டு கல் எறிந்தும் ஒன்றும் நடக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். வழக்கறிஞர் பேனாவை மேசையில் வைத்தார். பொய்ச் சாட்சி சொல்வது குற்றம், நீங்களே திருத்தியபடியால் இத்தோடு விடுகிறேன் என்று நீதிபதி கடுமையாகச் சொன்னார்.

அண்ணையிடம் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "தங்கச்சி சொல்லுறது உண்மை. அண்டைக்குச் சரியேல்லை" என்றார். பிறகு, நான் யாரோடு பேசிவிட்டு வந்தேன் என்று தேடினவர்போல, தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். மனைவி வந்திருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அக்கா கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அண்ணை உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

முதல் அடியைப் பற்றித் தீர்ப்பில் அதிகம் சொல்லவில்லை. விழுந்து கிடந்தவரை இரண்டாம் தரம் அடித்ததற்குத்தான் தண்டனை. சில மாதச் சிறை. வேலை போனது. அந்தப் பலகை வீட்டையும் இடித்துவிட்டார்கள். வெளியே வந்து ஓல்போர்க்கில் ஒரு கப்பல் பட்டறையைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு அதுவும் இல்லை. செத்துவிட்டார் என்று இரண்டு பேர் சொன்னார்கள், இல்லை என்று ஒருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. இன்றைக்கும் சிலவேளை, அந்தக் கைலேஞ்சியை நீட்டிய கையை நினைத்தால் எனக்கு அவர்மேல் பாசம் வரும். வந்த உடனேயே என்மேல் கோபமும் வரும்.

தீர்ப்பு வந்த அன்று பின்னேரம் அக்காவை ஸ்டேஷனில் விட நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கோல்டிங்குக்கு எத்தனை மணிக்கு ரயில், எங்கே மாறவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாராம். நாளைக்குக் காலைமுறை வேலை. அங்கே ஒரு கிழவி தன்னிடம் மட்டும்தான் சாப்பிடுமாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். நல்ல சிரிப்பு.

ஸ்டேஷனுக்கு முந்திய சந்தியில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். நான் சட்டென்று பிரேக்கை மிதித்தேன். யாரென்றாலும் முன்னால் இருக்கிறதைத்தான் பிடிப்பார்கள். அக்கா எதையும் பிடிக்கவில்லை. கண்ணை மூடி, கதவோடு ஒடுங்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடப் பார்த்தார். வலது கை மேலே போய்விட்டது. இடது கை பாதியில் நின்றது.

சைக்கிள்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. நான் காரை எடுக்கவில்லை. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும் வரைக்கும் அப்படியே நின்றேன்.